ஒரு பெருவிரல் இடம்

சிஸ்டர்,

இன்று பின்னேரம் கடைக்குப் போய் வந்து, அரிசி மூட்டையை இறக்கக் காரின் டிக்கியைத் திறந்தேன். வெயிலில் ஊறிப்போன புது ரப்பர் மணம் முகத்தில் அடித்தது. மூலையில் அந்த பிளாஸ்டிக் பை கிடந்தது. உங்கள் தங்கையின் மகள் ஆஸ்பத்திரியில் இருந்து எடுத்து வந்து, "இது நீங்கள் வாங்கிக் குடுத்தது" என்று செத்தவீட்டு வாசலில் வைத்து என் கையில் தந்த ஸ்லிப்பர். மூன்று மாதமாக அது என்னோடு வேலைக்கும் கோயிலுக்கும் போய் வருகிறது. வெளியில் எடுக்கவும் இல்லை, எறியவும் இல்லை.

தமிழில்தான் எழுதுகிறேன். உங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. "வணக்கம்" என்பதையே கடைசி வரைக்கும் "வானாக்கம்" என்று சொன்ன ஆள் நீங்கள். ஆனால் நீங்கள் இங்கிலீசில் சொன்னதெல்லாம் என் தலைக்குள் எங்கட தமிழில்தான் கிடக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் செத்தவீட்டில் நான் அழவில்லை, சிஸ்டர். உங்கள் ஆட்கள் கை தட்டிப் பாடினார்கள். எங்கள் ஆட்கள் என்றால் தலையில் அடித்துக் கத்தியிருப்பார்கள். நான் இரண்டும் இல்லாமல் கதிரையில் இருந்தேன். பக்கத்தில் ஊதாத் தொப்பி போட்ட ஒரு மனுசி எனக்குக் கண் துடைக்க ரிசூ தந்தா. அதை நாலாக மடித்துப் பாவிக்காமலே திருப்பிக் கொடுத்தேன். பிறகு கீழே போய் உங்கள் ஊர் மீன் பொரியலும் சோறும் சாப்பிட்டேன். உப்புக் குறைவு என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

உங்களை முதல் கண்டது, நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் இருந்த காலத்தில். லிப்ட்டுக்குப் பக்கத்தில் உங்கள் நோட்டீஸ் ஒட்டியிருந்தது: சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பாட உதவி, காலைச் சாப்பாடு, எல்லாம் இலவசம். மகளுக்கு நாலாம் வகுப்புக் கணக்கு ஓடவில்லை. இங்கிலீசில் எழுதின அந்தக் கணக்கு எனக்கும் ஓடவில்லை. பக்கத்து வீட்டு அன்ரி எச்சரித்தா: "கவனம் பிள்ளை. முதல் பாண் தருவினம், பிறகு பைபிள் தருவினம், பிறகு தண்ணிக்குள்ள அமத்துவினம்."

பிளாசாவுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னச் செங்கல் சேர்ச்சின் பேஸ்மென்டில், மகள் உங்கள் சபைப் பிள்ளைகளோடு மேசையில் இருந்து கணக்குச் செய்ய, நான் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி சுவரோரம் இருந்தேன். பாணையும் பைபிளையும் தண்ணியையும் வரிசையாக எதிர்பார்த்துக்கொண்டு. சபையில் எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிடும் நீங்கள் ஏப்ரனோடு வந்து எனக்கு முன்னால் நின்றீர்கள்.

"உன்ர கை ரெண்டும் என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை."

"அப்ப இதைப் பிடி."

ஒரு கட்டுக் கடதாசி. ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையின் பாதம் பென்சிலால் சுற்றிக் கீறப்பட்டிருந்தது. உங்கள் ஊர் செயின்ட் லூசியா என்றும், அங்கே மலையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்றும், கறுப்புச் சப்பாத்து இல்லாத பிள்ளை வெட்கத்தில் வீட்டிலேயே நின்றுவிடும் என்றும் அப்போதுதான் சொன்னீர்கள். ஒவ்வொரு ஜூனிலும் அந்தப் பள்ளித் தலைமை ரீச்சர் பிள்ளைகளின் பாதத்தைக் கீறி, பெயர் எழுதி அனுப்புவா. உங்கள் சபை அந்தப் பாதங்களுக்குச் சப்பாத்து வாங்கி, கொப்பி, பென்சில், சோப்பு, பிஸ்கற்றோடு ஒரு நீலப் பீப்பாவில் அடைத்துக் கப்பலில் அனுப்பும். செப்டெம்பரில் பள்ளி தொடங்க முதல் அது போய்ச் சேர வேண்டும். இவ்வளவுதான் உங்கள் மிஷன். பைபிள் வரவே இல்லை.

எனக்கு வேலை பிடித்திருந்தது. பாதத்தை வெட்டி எடுத்து, கடையில் சப்பாத்துக்குள் விட்டுப் பார்ப்பேன். ஓரம் சுருளாமல், மிச்சம் வராமல், கடதாசி அச்சொட்டாகப் படுக்க வேண்டும். எனக்கு அதில் ஒரு கெட்டித்தனம். இருபத்தாறு சோடியையும் தைத்து வைத்த மாதிரி வாங்கினேன். பெருமையாகவும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அக்டோபரில் படம் வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். ஏழு பேர் சப்பாத்தின் பின்பக்கத்தை மிதித்து, செருப்பு மாதிரிப் போட்டிருந்தார்கள். உங்களுக்கு முதலே நான் அதைக் கண்டேன். கப்பல் போய், துறைமுகத்தில் கிடந்து, மலை ஏறிப் போக மூன்று மாதம் எடுத்திருந்தது. அதற்குள் கால் வளர்ந்துவிட்டது.

நீங்கள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. அந்தப் படத்தைச் சேர்ச் குசினி பிரிட்ஜில், சரியாக என் கண் உயரத்தில் காந்தம் வைத்து ஒட்டினீர்கள். சனிக்கு சனி பால் எடுக்கப் போகும்போதெல்லாம் ஏழு சோடிக் குதிக்கால்கள் என்னைப் பார்க்கும். இந்த மனுசிக்கு எவ்வளவு வன்மம் என்று வீட்டில் வந்து கத்தினேன். அடுத்த ஜூனில் கடதாசிக் கட்டைத் தரும்போதுதான் வாயைத் திறந்தீர்கள்: "பிள்ளையள் கப்பலுக்குக் காத்திருக்காதுகள். முன்னுக்கு ஒரு பெருவிரல் இடம் விடு." சொல்லிவிட்டு என் பெருவிரலைப் பிடித்துச் சப்பாத்து நுனியில் வைத்து அமத்திக் காட்டினீர்கள். அன்றுதான் படத்தையும் கழற்றினீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனை பீப்பா கட்டினோம்! அடியில் கொப்பிகள். சுவரோரம் சப்பாத்து, சப்பாத்துக்குள் காலுறை. சோப்பைத் தனிப் பையில் இறுக்கிக் கட்டி மேலே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்கற் எல்லாம் சோப்பு மணக்கும். கடைசியில் மூடி பொருந்தாது. ஒரு வருசமும் பொருந்தியதில்லை. நீங்கள் "பொண்ட்யே!" என்று உங்கள் ஊர்ப் பாஷையில் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டு கதிரையில் ஏறி மூடி மேல் இருப்பீர்கள். உங்கள் பாரத்தில் அது இறங்கும். நான் சுற்றிவர இரும்பு வளையத்தைப் போட்டுப் பூட்டுவேன்.

ஒரே ஒரு தரம் சாமி பற்றிக் கேட்டீர்கள். "உன்ர கடவுள் ஆர்?"

"பிள்ளையார்."

"அவருக்கு என்ன வேலை?"

"தடை எல்லாம் எடுத்து விடுறது."

"நல்லது. அப்ப கஸ்ரம்ஸை அவர் பாக்கட்டும். மிச்சத்தை நான் என்ர ஆளிட்டைச் சொல்லுறன்."

அந்த வருசம் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். பீப்பா ஒரு கிழமையில் துறைமுகத்தால் வெளியே வந்தது. பிறகு ஒவ்வொரு வருசமும் "தேங்காய் உடைச்சிட்டியோ?" என்று நீங்களே போன் எடுத்துக் கேட்கத் தொடங்கினீர்கள். நாங்கள் தூரத்தில், ஸ்ரௌவ்வில் பக்கம் வீடு வாங்கிப் போன பிறகும் அந்தப் போன் நிற்கவில்லை.

இனி ஸ்லிப்பர் கதை.

நீங்கள் நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உங்களுக்குத் தரை குளிர்ந்தது. வழுக்காத, குதிக்கால் மூடின ஸ்லிப்பர் வேணும் என்று நேர்ஸ் சொன்னா. நான் கைப்பையில் இருந்த கரண்ட் பில் ஒன்றின் பின்பக்கத்தில் உங்கள் வலது பாதத்தை வைத்துப் பென்சிலால் கீறினேன். கூசுது என்று சிரித்தீர்கள். "இடம் விடுவியோ?" என்று கேட்டீர்கள். "வயசு போன கால் இனி எங்க வளரப்போகுது?" என்று நான் பகிடி விட்டேன். அச்சொட்டாக வாங்கினேன். நாலு நாள் கழித்துக் கொண்டுவந்தபோது உங்கள் இரண்டு காலும் வீங்கிப்போய் இருந்தன. குதிக்கால் உள்ளே போகவில்லை. பின்பக்கத்தை மிதித்து, அந்த ஏழு பிள்ளைகளும் போட்ட மாதிரியே போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி யன்னல் வரைக்கும் நடந்தீர்கள். பெருவிரலை மட்டும் தூக்கிக் காட்டினீர்கள். அடுத்த முறை நான் வந்தபோது நீங்கள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. பிறகு எழும்பவே இல்லை.

அதற்காகத்தான் டிக்கிக்குள் கிடக்கிறது. உங்கள் கடைசிச் சோடியை நான் பிழையாக வாங்கினேன். இதை நான் வேறு ஒருவருக்கும் சொன்னதில்லை.

செத்தவீடு முடிந்து இரண்டு கிழமையால் பாஸ்டர் பீப்பா கட்டும் எங்களைக் கூப்பிட்டார். உங்களுக்கு மரியாதையாக இந்த வருசம் பீப்பா அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தார்கள். வெறும் பீப்பாவைச் சேர்ச்சுக்குள் முன்னுக்கு வைத்து, வெள்ளைத் துணி விரித்து, மேலே பூ வைப்பதாம். முதல் தலையாட்டியது நான்தான். எங்கள் வீடுகளிலும் அப்படித்தானே? ஆள் போன வருசம் பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை, புதுச் சட்டை இல்லை. இவர்களுக்கும் துடக்கு முறை தெரிந்திருக்கிறதே என்று திருப்திப்பட்டேன்.

பிறகு ஜூனில் உறை வந்தது. உங்கள் பெயருக்குத்தான். நீங்கள் இல்லை என்று அந்தப் பள்ளிக்கு அறிவிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை; தலைமை ரீச்சர் வழக்கம் போலக் கால்களைக் கீறித் தபாலில் போட்டுவிட்டா. பாஸ்டர் அதை என் கையில் தந்தார். நான் வீட்டில் பிரிட்ஜுக்கு மேல் வைத்தேன். மூன்று கிழமை. தினமும் கண்டேன், பால் எடுத்தேன், மூடினேன். துக்கம் என்று நினைக்காதையுங்கோ. ஒன்றுமே இல்லை. மரக்கட்டை மாதிரி இருந்தேன்.

இன்று ஸ்லிப்பரை வெளியே எடுத்தபோது, இடது ஸ்லிப்பருக்குள், நான் உங்கள் கட்டிலடியில் விட்டு வந்த அந்த பில் மடித்தபடி இருந்தது. உங்கள் கால். பென்சில் கோடு மங்கவில்லை. அரிசி மூட்டையை வழியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய் உறையை உடைத்தேன்.

முப்பத்தொரு பிள்ளைகள். மெலிசா என்ற பிள்ளை இந்த முறையும் பாதத்துக்கு நகம் கீறி, சிவப்பு நகப்பூச்சும் தீட்டியிருந்தாள். போன வருசத்து மெலிசாவை மேசை லாச்சிக்குள் தேடி எடுத்து மேலே வைத்துப் பார்த்தேன். ஒரு பெருவிரலுக்கு மேல் வளர்ந்திருக்கிறாள். நாங்கள் பூ வைத்துக்கொண்டு இருக்கிறோம், அங்கே கால் வளர்ந்துகொண்டு இருக்கிறது. கால் துடக்குக் காக்குமோ, சிஸ்டர்? எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. மூன்று மாதத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அது.

பாஸ்டருக்குப் போன் எடுத்தேன். "ஆனால் சிஸ்டருக்கு மரியாதை..." என்று இழுத்தார். அவர் இங்கிலீசில் இழுத்தார், நானும் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் வெட்டினேன்.

"மரியாதை அவவுக்குப் போதும் பாஸ்டர். பிள்ளையளுக்குக் கால் வளருது."

"கப்பலுக்கு ஏத்த வாற திங்கள் கடைசி நாள்."

"அப்ப சனிக்கிழமை வாறன்."

"பீப்பாவில பூ இருக்குது."

"பூவை எடுங்கோ."

பிறகு "சரி" என்றார்.

இந்த இடத்தில் கடிதத்தை நிறுத்தி வைத்திருந்தேன். இன்று சனி. இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

மகள் ஒஷாவாவில் இருந்து வந்து என் காரில் என்னைக் கடை கடையாகக் கொண்டு திரிந்தாள். நாலாம் வகுப்புக் கணக்கு ஓடாத பிள்ளை இப்போது அங்கே பாங்க்கில் வேலை செய்கிறாள் என்று உங்களுக்குத் தெரியும். நான் ஒவ்வொரு சப்பாத்தின் நுனியிலும் பெருவிரலை வைத்து அமத்தி, பிறகு பக்கத்தில் சுண்டுவிரலையும் சேர்த்து வைத்தேன். சுண்டுவிரல் நான் வீணாக்கின மூன்று கிழமைக்கு. "அம்மா, ஆர் யூ ஓகே? எல்லாரும் பாக்கினம்" என்றாள். பார்க்கட்டும் என்றேன்.

பேஸ்மென்டில் கொப்பி அடியில், சப்பாத்து சுவரோரம், சோப்பு மேலே. நாள் முழுக்க நின்றதில் எனக்குக் கால் கடுத்தது. மகள், நான் திரும்பவும் டிக்கிக்குள் போட்டு வைத்திருந்த ஸ்லிப்பரைக் கொண்டுவந்து, யாருடையது என்று கேட்காமல், "இதைப் போடுங்கோ" என்று காலடியில் வைத்தாள். போட்டேன். மூடி வழக்கம் போலப் பொருந்தவில்லை. பாஸ்டர் மெலிந்த மனுசன், அவர் ஏறியும் அது இறங்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கதிரையில் ஏறி, மூடியில், நீங்கள் இருக்கும் இடத்தில் இருந்தேன். கீழே மகள் வளையத்தைப் பூட்டினாள். வாய் தானாக "பொண்ட்யே" என்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. பாஸ்டர் கை நீட்டினார், கொஞ்சம் பொறுங்கோ என்றேன்.

என் கால் இரண்டும் தரைக்கு எட்டாமல் தொங்கின. உங்கள் ஸ்லிப்பர் எனக்குப் பெரிது. குனிந்து நுனியை அமத்திப் பார்த்தேன். முன்னுக்கு ஒரு பெருவிரல் இடம் இருந்தது.