பருப்பு வேகாத தண்ணீர்

இன்று காலை பட்டறை முழுவதும் புளித்தண்ணீர் கொதிக்கிற வாடை. குளத்தூர் போய்வரும் பஸ் ஒன்று வழியெல்லாம் ஆவி விட்டுக்கொண்டு வந்து சேர்ந்திருந்தது. அதன் ரேடியேட்டரைக் கழுவப் புளியைக் கரைத்துத் தகர டின்னில் அடுப்பேற்றியிருந்தார்கள். துருவும் புளியும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்றவன், தலைசுற்றலா என்று கேட்டான். எரிச்சல் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்திருக்கும்.

நீ செத்துப்போன சேதி போன மாதம்தான் எனக்கு வந்தது. திருச்சியில் உன்னோடு லாரி ஓட்டிய ஒருவர் இங்கே வந்தபோது சொன்னார். காய்ச்சலாம். லாரி செட்டிலேயே படுத்துக் கிடந்தாயாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது எல்லாம் முடிந்துவிட்டதாம். சொல்லிவிட்டு அவர் தம் வண்டியின் டயரைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்.

இரங்கல் எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன். நடந்தது உனக்கும் தெரியும்தான். ஆனால் நீ அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாய். அதனால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆலங்குடிப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு அந்த ஒரு கார்தான். பெரியப்பா ஊர் அம்பலம். அவர் சொன்னால் அதுதான் ஊரின் தீர்ப்பு. யாரோ ஒரு துரை விட்டுப்போன பழைய வண்டியை வாங்கிக் கொட்டகையில் நிறுத்திவிட்டார். ஓட்டத்தான் ஆள் இல்லை. நீ பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்திருந்தாய். லைசென்சு வைத்திருந்த வேறு ஒருவரும் அக்கம்பக்கத்தில் இல்லை. உன் தெருக்காரர்கள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாத எங்கள் தெருவில் நீ ஆரன் அடித்துக்கொண்டு கார் ஓட்டி வந்தாய். இறங்கும்போது மட்டும் செருப்பைச் சீட்டுக்கு அடியில் விட்டுவிட்டு இறங்குவாய்.

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்த எனக்கு அந்தக் கொட்டகைதான் கதி. உள்ளே நாம் இருவர் மட்டும் இருந்தால் என்னை ‘டேய்’ என்பாய். யாராவது வருகிற காலடி கேட்டால் அதே வாய் ‘சின்னய்யா’ என்று மாறிவிடும். எனக்கு அது பிடிக்காது. சொன்னால் சிரிப்பாய். “ஒனக்கென்ன, பிடிக்கலேன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயி சாப்பிடுவ” என்பாய்.

அந்தக் கோடையில்தான் கார் கொதிக்கத் தொடங்கியது. குடுமியான்மலைக்குக் கிளம்பிய பெரியப்பா குடும்பம் பாதி வழியில் பனைமர நிழலில் உட்கார்ந்து, ஆவி பறக்கும் வண்டியை வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று. வீடு திரும்பியதும் பெரியப்பா உன்னை முற்றத்தில் நிறுத்திக் கேட்டார்.

“வெள்ளிக்கிழமை புதுக்கோட்டையில கல்யாணம். அம்பலம் மாட்டு வண்டியில போயி எறங்கணுமாடா?”

“சரி பண்ணிருறேங்க.”

“பண்ணு. இல்லேன்னா லைசென்ச மடிச்சு வச்சுட்டு பழையபடி வயலுக்கு வந்துரு.”

வயல் என்றால் உனக்கு வெறும் வேலை இல்லை. உன் அப்பா குனிந்தபடியே செத்த இடம். அன்று கொட்டகைக்கு வந்ததும் பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்துவிட்டு வெகுநேரம் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

விசிறி பெல்ட் தளர்ந்திருக்கிறது என்றாய். இறுக்கினோம். கொதித்தது. சூடேறினால் திறந்து தண்ணீரை விடுகிற வால்வு மக்கர் செய்கிறது என்று நான் அடித்துச் சொன்னேன். கழற்றி வெந்நீரில் போட்டோம். சமர்த்தாகத் திறந்தது.

“பாத்தியா, ஒன்னய விட அதுக்குப் புத்தி இருக்கு.”

“ஒன் பெல்ட்டு மட்டும் என்னாச்சாம்?”

“சரி சரி, ரெண்டு பேரும் முட்டாளுக. வேலயப் பாரு.”

ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தோம். சுத்தமாக இருந்தது. ரேடியேட்டர் தகட்டு இடுக்குகளில் அடைந்திருந்த பூச்சிகளையும் முந்திரிச் சருகையும் விளக்குமாற்றுக் குச்சியால் நோண்டி எடுத்தோம். எஞ்சினை ஓடவிட்டோம். கொதித்தது. எனக்கு அந்த வண்டியைக் கடப்பாரையால் அடிக்க வேண்டும் போலிருந்தது. நீ ரேடியேட்டரின் மேலே கைவைத்து வெடுக்கென்று இழுத்தாய். பிறகு கீழே வைத்தாய். எடுக்கவே இல்லை.

“டேய், மேல நெருப்பா இருக்கு. கீழ பச்சத்தண்ணி மாதிரி கெடக்கு. தண்ணி எறங்கவே இல்லடா. உள்ளுக்குள்ள அடச்சிருக்கு.”

எது அடைத்தது என்பதில் மறுபடி சண்டை. துரு என்றாய் நீ. சேறு என்றேன் நான். அப்போது மாட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்த உன் மனைவி அஞ்சலை, கூடையை இடுப்பில் வைத்தபடி எட்டிப் பார்த்தாள். வண்டிக்கு ஊற்ற உங்கள் தெருக் கிணற்றிலிருந்து நீ கொண்டுவந்த குடம் அருகில் இருந்தது.

“இந்தத் தண்ணியில பருப்பே வேக மாட்டேங்குது. ஒங்க வண்டி மட்டும் எப்பிடித்தான் இந்த வேக்காடு வேகுதோ!”

நாம் சிரித்தோம். நீ முதலில் நிறுத்தினாய்.

“ஏ அஞ்சல, வெந்நிப்பானைக்குள்ள வெள்ளையா ஏடு கட்டுமே, அது...”

“ஆமா, கல்ல வச்சுச் சொரண்டிக் கையி போச்சு. நீங்க என்னைக்குப் பானைய எட்டிப் பாத்தீங்க, இன்னைக்குக் கேக்குறீங்க?”

அவ்வளவுதான். நோய் தெரிந்துவிட்டது: பானையில் கட்டிய அதே உப்பு ஏடுதான் ரேடியேட்டருக்குள்ளும். கோயிலுக்கு முன்னால் இருந்த ஊருணியில் மழைத் தண்ணீர், ஊரின் நல்ல தண்ணீர். அதில் உங்கள் தெருக்காரர்கள் கால் வைக்கக் கூடாது. எங்கள் வீட்டுக் கிணற்றின் கயிற்றை நீ தொடக் கூடாது. காருக்குத் தண்ணீர் ஊற்றுவதோ டிரைவர் வேலை. அதனால் ஊர்க்கோடி உப்புக் கிணற்றில் நீ குடித்ததைத்தான் காரும் குடித்தது. இத்தனை வருஷம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்கும்தான். காருக்கு எந்தத் தண்ணீராயிருந்தால் என்ன என்று நினைத்தோம். உங்களைப் பற்றி நினைத்ததும் அப்படித்தான்.

புளியைக் காய்ச்சி ரேடியேட்டரில் ஊற்றி ஊறவைத்தோம். எஞ்சினுக்குள்ளும் ஓடவிட்டு வடித்தோம். செம்மண் குழம்பு போல வந்தது. அதோடு முட்டை ஓடு மாதிரி வெள்ளைச் சில்லுகள். அதில் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாய்.

“இதே சரக்குத்தானே எங்க வயித்துலயும் எறங்குது? வண்டியாச்சும் கொதிச்சுக் காட்டிருச்சு.”

நான் போய் ஊருணியில் குடம் குடமாக மொண்டு வந்து ஊற்றினேன். என்னை யாரும் தடுக்கவில்லை. ஆலங்குடி வரை போய்த் திரும்பினோம். போகும்போது நீ ஒவ்வொரு மேட்டிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டாய். வரும்போது விசிலடித்தாய். ஆவி இல்லை, கொதிப்பில்லை. வேலை பிழைத்தது என்று நினைத்தோம்.

பெரியப்பா வெற்றிலையை மடித்தபடி எல்லாவற்றையும் கேட்டார். உண்மையைச் சொன்னால் போதும் என்று நாம் நம்பியிருந்தோம்.

“அப்ப இனிமே ஊருணித் தண்ணிதான் ஊத்தணும்ங்கற?”

“ஆமா பெரியப்பா. இல்லேன்னா மறுபடி அடச்சுக்கும்.”

“இவன் அதத் தொட முடியாது. வழியில தண்ணி கொறஞ்சா யாரு ஊத்துறது? கொடத்தத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் கூடவே வரணுமா?”

“இவனே ஊத்தட்டும். மழைத் தண்ணிதானே? நம்மளக் கேட்டா வானத்துலேருந்து விழுந்துச்சு?”

“அப்ப வானத்துலயே போயி மொண்டுக்கச் சொல்லு.”

“சட்டம் வந்தாச்சு பெரியப்பா.”

“அந்தச் சட்டத்தக் கொண்டாந்து ரேடியேட்டர்ல ஊத்து, பாப்போம்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியப்பா கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒரு கணக்குப் போட்டு முடிப்பது போல நிதானமாகச் சொன்னார். “தண்ணி ஊத்தக்கூடிய ஆளா ஒரு டிரைவரப் பாத்துக்கிறேன். கல்யாணம் வரைக்கும் இவன் ஓட்டட்டும்.”

வண்டிக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடித்தோம். அதைச் சரிசெய்தோம். சரிசெய்ததே உன்னை வெளியே தள்ளிவிட்டது. துரு என்று பொய் சொல்லியிருந்தால் நீ இன்னும் கொஞ்ச காலம் அந்தச் சீட்டில் உட்கார்ந்திருப்பாய்.

கல்யாணம் முடிந்த மறுநாள் சாவியை வாசற்படியில் வைத்தாய். கையில் கொடுக்கக் கூடாதல்லவா? நான் உன் பின்னாலேயே தெரு முனை வரை வந்தேன். எதையாவது திட்டு என்றேன். அவரை, என்னை, யாரையாவது. நீ தெருவை ஒரு பார்வை பார்த்தாய். ஆட்கள் இருந்தார்கள்.

“நான் வாரேங்க சின்னய்யா. நல்ல தண்ணியாவே ஊத்தச் சொல்லுங்க. வண்டி பாவம்.”

புதிதாக வந்தவர் எங்களுக்குத் தூரத்து உறவு. கியர் மாற்றினால் வண்டி அலறும். ஆனால் ஊருணியில் இறங்கலாம். நீ வயலுக்குப் போகவில்லை. அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போனாய். நான் பெரியப்பாவோடு பேச்சை முறித்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு வந்து இந்தப் பட்டறையில் சேர்ந்தேன். இங்கே எந்த வண்டிக்கும் குடிக்கிற தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்று அடம்பிடித்து நிலைநாட்டியிருக்கிறேன். ரேடியேட்டருக்கென்று ஒரு டிரம் வைத்திருக்கிறேன். பைத்தியம் என்கிறார்கள். இருக்கட்டும்.

இன்று மத்தியானம் குளத்தூர் பஸ் தயாரானது. டிரைவர் புதுப் பையன், உன் தெருவைப் போன்ற ஒரு தெருவிலிருந்து வந்தவன். டிரம்மிலிருந்து நாலு அடி தள்ளியே நின்றுகொண்டிருந்தான்.

“தண்ணி ஊத்தணும்ல? ஏன் நிக்கிற?”

“நீங்களே மொண்டு ஊத்துங்கண்ணே.”

“ஒனக்குக் கையில்லையா?”

அவன் என்னைப் பார்த்தான், மற்றவர்களைப் பார்த்தான். வாளியை அவன் கையில் திணித்தேன். குனிந்து மொண்டான். ஊற்றினான். மறுபடி மொண்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவன் பீடி பற்றவைத்தான். ஒருவன் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். ரேடியேட்டர் நிறைந்தது. மூடியைத் திருகிவிட்டு அவன் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. டிரம்முக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். வானம் இடிந்து விழவில்லை. தண்ணீர் கெடவில்லை. ஒரு மனிதன் ஒரு வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றினான், அவ்வளவுதான். உன்னை ஊரைவிட்டு அனுப்பியது இவ்வளவு சின்ன விஷயம் என்பதை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.