அணைத்திருக்கக் கூடாத அடுப்பு

பிஸ்கட்டவே, அமெரிக்கா

அன்புள்ள அப்பாவுக்கு,

வான்மதியின் வணக்கம். நான் நல்லா இருக்கேன். உங்க மூட்டுவலி தேவலையா? அம்மா தைலம் தேச்சு விடறாங்களா?

யூதர்களோட தால்முத் சட்டங்கள் படிக்கறேன்ல, இப்ப ஓய்வுநாள் பாடம். வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள சமைச்சு, விளக்கேத்திடணும். அப்புறம் நெருப்பைத் தொடக்கூடாது. கூடப் படிக்கற யூதப் பொண்ணு மிரியம் வீட்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடப் போனேன். குழம்பு ஆறாம இருக்க முன்னாடியே அடுப்பைப் பத்த வெச்சு விட்டிருந்தாங்க. ஆளில்லாம அடுப்பு எரியுதேன்னு நம்ம வீட்டுப் பழக்கத்துல அணைச்சுட்டேன்! அவங்க திரும்பப் பத்த வைக்கவும் கூடாது, என்னைப் பத்த வைக்கச் சொல்லவும் கூடாது. அந்த வாரம்தான் அதை வகுப்புல படிச்சிருந்தேன். ஆறின குழம்பை எல்லாரும் சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டோம்.

இன்னொண்ணும் படிச்சேன்ப்பா. பொழுது சாயறப்ப வீட்டுக்காரர் 'விளக்கேத்துங்க'ன்னு சொல்லணுமாம், அதையும் மெதுவா சொல்லணுமாம். நம்ம வீட்டுல நீங்க தெருவுக்கே கேக்கற மாதிரி 'விளக்கேத்து'ன்னு கத்துவீங்க. இங்க என் ரூம்ல சொல்ல யாருமில்ல.

அடுத்த பார்சல்ல கொஞ்சம் திரி வெச்சு அனுப்புங்க. வெள்ளிக்கிழமை இங்க சாயங்காலம் ஆகறப்ப ஒரு போன் பண்ணுங்க. அங்க அப்ப விடிஞ்சிருக்காது, தெரியும். பஸ் வந்துடுச்சு, முடிச்சுக்கறேன்.

மெதுவா எல்லாம் சொல்ல வேண்டாம்ப்பா. கத்தியே சொல்லுங்க.

வான்மதி