டாக்டர் ஹெஸ்பரின் கடைசி பலூன்

மார்ச் 3, 1975, திங்கள்

காலையில் மழை. ஏழாம் நம்பர் ரயில் குவீன்ஸ்பரோ பிளாசாவில் இருபது நிமிடம் நின்றுவிட்டது. நனைந்துபோய் ஆபீசுக்குள் நுழைந்தால் எடிட்டர் ஆர்னி ஸ்லட்கின் என் மேசைமேல் உட்கார்ந்து என் பேகல் ரொட்டியைத் தின்றுகொண்டிருக்கிறார்.

"பெர்னி, ஹெஸ்பரைக் கொல்லப் போறோம்" என்றார், வாய் நிறைய.

சித்திரக்கதைத் தணிக்கைக் குழு மூன்றாவது தடவையாகக் கடிதம் போட்டிருக்கிறதாம். கேள்வி ஒன்றுதான்: டாக்டர் ஹெஸ்பர் நல்லவனா, கெட்டவனா? நல்லவன் என்றால் ஒரு சூரியனை அணைத்தது ஏன்? கெட்டவன் என்றால் இத்தனை இதழாகத் தண்டனை இல்லாமல் திரிவது ஏன்?

சண்டை போட்ட இரண்டு சாம்ராஜ்யமும் இருட்டில் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் வீட்டுக்குப் போய்விட்டன. அதற்குத்தான் அணைத்தான். பிறகு விளக்கு விற்கிற உரிமையை அவனே எடுத்துக்கொண்டான், அதுவும் உண்மைதான். நல்லவனா, கெட்டவனா? ரெண்டும்தான். இதுகூடப் புரியாதவர்களெல்லாம் எப்படித் தணிக்கை செய்கிறார்கள்?

மார்ச் 5, புதன்

அட்டைப்படம் வந்துவிட்டது. கதை இன்னும் எழுதவில்லை, ஆனால் அட்டை தயார். எங்கள் தொழில் அப்படி. "இந்த இதழில் சாகிறார் டாக்டர் ஹெஸ்பர்! ஏமாற்று இல்லை, கனவு இல்லை!" அந்த எழுத்தையும் என்னையே எழுத வைத்தார்கள். மூன்று ஆச்சரியக்குறி போட வேண்டுமாம். இரண்டுதான் போட்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்குச் சூப்பைத் தொடவில்லை. அக்காள் மில்லிக்கு முகம் கோணிவிட்டது. "அடியே, ஒரு காகிதப் பொம்மை சாகப்போகுதுன்னு எவளாவது கோழி சூப்பை வேண்டாம்பாளா? எங்க வீட்டுக்காரர் செத்தப்போகூட நீ ரெண்டு கிண்ணம் குடிச்ச!"

குடித்தேன்தான். அக்காளின் புருஷன் ஒரு நாளும் என்னைச் சிரிக்க வைத்ததில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இதை மில்லியிடம் சொல்லவில்லை. இந்த நோட்டுக்கு மட்டும்.

ஹெஸ்பரை உண்டாக்கியது எழுத்தாளன் ப்ரூஸ்டர் கீன். இருபத்தாறு வயது, முதுகுவரை முடி, செருப்பில்லாமல் ஆபீசுக்கு வருவான். அவன் கதையை அரைப் பக்கத்தில் டைப் அடித்துக் கொடுப்பான். லாங் ஐலண்டிலிருக்கும் சால் பெருஜினி அதைப் பார்த்துப் பதினேழு பக்கம் படம் வரைவான். படம் வந்த பிறகுதான் ப்ரூஸ்டர் யார் என்ன பேசுகிறார்கள் என்று எழுதுவான். அதைப் பாத்திரங்களின் வாயருகே இருக்கும் வெள்ளை பலூன்களுக்குள் பேனாவால் எழுதுவது நான். இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன். இந்த ஆபீசிலேயே வெள்ளைப் பெயிண்ட் புட்டி இல்லாத மேசை என்னுடையது ஒன்றுதான். எழுத்தில் தப்பு செய்கிறவர்களுக்கு வேண்டியது அது.

ஒன்றரை வருடம் முன்பு, பதினாலாவது இதழ். ஹெஸ்பர் சூரியனை அணைத்துவிட்டு நிற்கிறான். பலூன் காலி. "போன்ல சொல்றேன்" என்று போன ப்ரூஸ்டர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அச்சகத்து வண்டி நாலு மணிக்கு வரும். மணி மூன்று ஐம்பது. எல்லாரும் என்னை விரட்டுகிறார்கள், ஏதோ நான்தான் அந்தப் பையனை ஒளித்துவைத்த மாதிரி. எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. எழுதிவிட்டேன்:

"நான் கெட்டவன் இல்லை. அவசரத்தில் இருப்பவன்."

அது என்னுடைய பேச்சு. ஆர்னிக்குச் சொல்ல நினைத்தது, ஹெஸ்பர் வாயில் விழுந்துவிட்டது. இப்போது அதை பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். போன கோடையில் ரசிகர் மாநாட்டில் அந்த ஒரு வரிக்காக ப்ரூஸ்டருக்குக் கேடயம் கொடுத்தார்கள். அவனும் வாங்கிக்கொண்டான்!

அதற்குப் பிறகு ஒவ்வொரு இதழிலும் ஹெஸ்பர் பேசுவதில் ஒன்றிரண்டு வரியை மாற்றுகிறேன். யாருக்கும் தெரியாது. ப்ரூஸ்டர் அச்சானதைப் படிக்கவே மாட்டான், படித்தால் ராசியில்லையாம். ஆர்னி முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்தான் பார்ப்பார்.

எழுத்துக்காரி வார்த்தையைத் தொடக் கூடாது. தொட்டால் வேலை போகும். தெரிந்துதான் தொடுகிறேன். ஆபீசில் ஒரு நாளைக்கு நான் பேசுவது மொத்தம் பத்து வார்த்தை இருக்கும். "மை தீர்ந்துபோச்சு" அதில் இரண்டு. மற்றதையெல்லாம் ஹெஸ்பர்தான் பேசினான். அவனும் போய்விட்டால்?

மார்ச் 18, செவ்வாய்

சால் மழைக்கோட்டுக்குள் பக்கங்களைச் சுருட்டிக்கொண்டு நேரில் வந்தான். ஆர்னி புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் சிவந்தது.

"டேய், நாலு பக்கம் மெஷின் வரைஞ்சிருக்கே!"

"ஹெஸ்பர் கட்டின மெஷின் ஆர்னி. அவன் மேதை. மேதை கட்டினது ஒரு பக்கத்துல அடங்குமா?"

"அப்ப சாவு எங்கடா? அட்டையில போட்டாச்சு, சாவு எங்க?"

சால் கடைசிப் பக்கத்தின் அடியைக் காட்டினான். ரிப்பன் மாதிரி ஒரு கட்டம். முழுக்க வெள்ளை வெளிச்சம். ஓரத்தில் ஒரு கை. ஒரு காலி பலூன்.

"இதுல அவன் செத்தானா இல்லையான்னு எப்படிய்யா தெரியும்?"

"அதைப் பேச்சுல சொல்லிக்கோங்க. அதுக்குத்தானே எழுத்தாளன்னு ஒருத்தனை வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, என் மேசையில் மிச்சமிருந்த காபியையும் குடித்துவிட்டு ரயிலைப் பிடிக்கப் போய்விட்டான்.

திரும்ப வரைய நேரமில்லை. ஆக, ஹெஸ்பரின் உயிர் இப்போது ஒரு பலூனில் இருக்கிறது. முட்டை அளவு பலூன்.

மார்ச் 20, வியாழன்

ப்ரூஸ்டர் வார்த்தைகளைக் கொண்டுவந்தான். கண் வீங்கியிருந்தது. அவனுக்கும் கொல்ல இஷ்டமில்லை போல. "தணிக்கைக்காரங்க கேட்டதையே எழுதிட்டேன் பெர்னிஸ். நாசமாப் போகட்டும்" என்றான்.

கடைசி பலூன்: "நான் செய்ததெல்லாம் தவறு! பிரபஞ்சமே, என்னை மன்னித்துவிடு!"

பிரபஞ்சமே! ஹெஸ்பர் பிரபஞ்சத்தை இதுவரை ஒரு தடவைகூட மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

மார்ச் 21, வெள்ளி

செய்துவிட்டேன்.

மூன்றரை வரை மற்ற பலூனெல்லாம் முடித்தேன். கடைசி ஒன்றுக்கு நீலப் பென்சிலில் கோடு போட்டேன். பேனாவை மையில் தொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை போகவே இல்லை. அப்போது மனசு ஒரு கணக்குப் போட்டது: இது துரோகம்தான், ஆனால் செய்தால் எல்லாருக்கும் நல்லது, ப்ரூஸ்டர் பையனுக்கே நல்லது, எனக்கும் கொஞ்சம் நல்லது. இந்தக் கணக்கை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று பார்த்தால், சூரியனை அணைக்கும்முன் ஹெஸ்பர் போட்ட கணக்கு. அச்சு அசல் அதே. விளக்கு விற்கிற பகுதி உட்பட.

எழுதினேன்: "மன்னிப்புக் கேட்க இப்போது நேரமில்லை. திரும்பி வந்து கேட்கிறேன்."

ஆர்னி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். மூக்கால் ஒரு சிரிப்பு. "ப்ரூஸ்டர் மாத்திட்டானா?"

"பின்ன யாரு மாத்துவா?"

பொய் இல்லை. கேள்விதானே கேட்டேன்.

மார்ச் 27, வியாழன்

நேற்று எங்கள் யூதப் பண்டிகையான பஸ்காவின் விருந்து. அடிமைப்பட்ட எங்கள் ஜனங்களை விடமாட்டேன் என்று எகிப்து ராஜாவின் மனசு இறுகியதை மில்லி வாசித்தபோது என் காது சுட்டது. அந்த ராஜாவும் தன் பக்க நியாயத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார்.

ஏப்ரல் 9, புதன்

தணிக்கைக் குழு முத்திரை போட்டு அனுப்பிவிட்டது. "குற்றவாளி மன்னிப்புக் கேட்க ஒப்புக்கொண்டிருப்பது திருப்தியளிக்கிறது." மதியச் சாப்பாட்டு நேரத்தில் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

மே 27, செவ்வாய்

முதல் பிரதிகள் அச்சகத்திலிருந்து வந்தன. ப்ரூஸ்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனான். "ராசி பாக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன். சாவு இதழாச்சே, அம்மாவுக்குப் படித்துக் காட்டப் போகிறானாம்.

அம்மாவுக்கு. கடைசிப் பக்கம்வரை.

மே 28, புதன்

வந்தான். செருப்புப் போட்டிருந்தான். அதைப் பார்த்ததுமே பேனாவைக் கீழே வைத்தேன்.

"இது நான் எழுதினது இல்ல" என்று பக்கத்தை என் முன்னால் வைத்தான்.

"இல்ல."

"பதினாலாம் நம்பர்? ‘அவசரத்தில் இருப்பவன்’?"

"நாலு மணிக்கு வண்டி. நீங்க போன் பண்ணல."

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். "நானே தூக்கக் கலக்கத்துல போன்ல சொல்லிட்டு மறந்துட்டேன்னு இவ்வளவு நாளா நெனச்சுக்கிட்டிருக்கேன். அதுக்குக் கேடயம் வேற வாங்கியிருக்கேன். எங்கம்மா அதை டிவி மேல வெச்சிருக்காங்க!"

பாவமாகத்தான் இருந்தது. மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அதற்குள் அவன், "ஹெஸ்பர் என் ஆளு. நீங்க எப்படித் தொடலாம்?" என்று கத்தினான், ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது.

"பேரு உன்னோடது தம்பி. உடம்பு சாலோடது. வாய் என்னோடது."

இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஆபீசில் நான் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. அவன் எழுந்து நேராக ஆர்னி அறைக்குப் போனான். கதவு சாத்திக்கொண்டது.

மே 30, வெள்ளி

ஆர்னி இரண்டு நாளாக என் மேசைப் பக்கமே வரவில்லை. என் பேகல் முழுசாக இருக்கிறது. பேனா முள்ளையெல்லாம் கழுவி டப்பாவில் போட்டேன். எதற்கும் தயாராக இருக்கட்டும்.

மில்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், "அந்த பனியன் வாசகம் உன்னோடதா? கறிக்கடைக்காரன் மகன்கூடப் போட்டிருக்கானே! ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். நானும் அழுதேன். வேலை போனால் போகட்டும். ஆனா ஹெஸ்பர் வேற யாரோ எழுதற வார்த்தையில பிரபஞ்சமேன்னு கெஞ்சுவானே, அதை எப்படிப் பாத்துக்கிட்டு இருப்பேன்?

ஜூன் 4, புதன்

ஒன்றும் இல்லை. பேய்க்கதை இதழுக்கு எழுத்து எழுதினேன். பேய்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை.

ஜூன் 16, திங்கள்

ஆர்னி கூப்பிட்டார். உள்ளே ப்ரூஸ்டரும் இருந்தான், ஜன்னலைப் பார்த்தபடி. மேசைக்குப் பக்கத்தில் மூன்று சாக்கு.

"இதெல்லாம் என்ன தெரியுமா? லெட்டர். எழுநூறு. ‘ஹெஸ்பர் எப்ப திரும்பி வர்றார், எப்படி மன்னிப்புக் கேப்பார்?’ எல்லாத்துலயும் இதே கேள்வி. நான் இவனைக் கேட்டேன், தெரியாதுன்னுட்டான். சாலைக் கேட்டேன், திரும்பி வர ஒரு மெஷின் வேணும்னு ஆறு பக்கம் வரைஞ்சே அனுப்பிட்டான். உன்னை வேலையை விட்டு அனுப்பணும்ங்கறதுதான் ரூல், பெர்னி."

"தெரியும்."

"அனுப்பிட்டா அவனை யாரு திரும்பக் கூட்டிட்டு வர்றது? வாக்குக் குடுத்தது நீ. நீயே வரவழை." பிறகு ப்ரூஸ்டர் பக்கம் கையைக் காட்டினார். "ஆனா இவன் சரின்னு சொல்லணும். ஆள் இவனோடதுதான்."

ப்ரூஸ்டர் திரும்பவில்லை. "யோசிக்கணும்" என்றான்.

ஜூன் 17, செவ்வாய்

வெயில். ரயில் எங்கேயும் நிற்காமல் வந்தது.

பத்து மணிக்கு ப்ரூஸ்டர் முப்பத்து நாலாவது இதழின் பக்கங்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். மறுபடி வெறுங்கால். டைப் அடித்த தாளைப் பார்த்தேன். இரண்டு பேரரசர்கள், ஒரு சேவகன், பேசுகிற எரிகல் ஒன்று, எல்லாருக்கும் வார்த்தை இருந்தது. ஹெஸ்பர் என்று போட்ட இடத்தில் எல்லாம் காலி.

"கேடயத்தை அம்மா தர மாட்டேங்கறாங்க" என்றான். "மத்தபடி சரி." போகத் திரும்பியவன் நின்றான். "நீங்க இன்னும் என்கிட்ட மன்னிப்புக் கேக்கல."

"நாலு மணிக்கு வண்டி வந்துடும்" என்றேன்.

சிரித்துவிட்டான். கேட்டுவிடுவேன், உண்மையாகவே. ஹெஸ்பர் எப்படிக் கேட்கிறான் என்று பார்த்துக்கொண்டு நானும் கேட்பேன்.

முதல் பக்கத்தின் அடியில் பெயர் போடுகிற கட்டம். எழுதுகிறவன் பெயர், வரைகிறவன் பெயர், எடிட்டர் பெயர். இருபத்திரண்டு வருடமாக எல்லார் பெயரையும் நான்தான் எழுதி வருகிறேன். எழுத்துக்காரிக்கு அதில் இடம் கிடையாது. இன்று தாளில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: "ஹெஸ்பர் பேசுவது: பெர்னிஸ் கமின்ஸ்கி."

ப்ரூஸ்டர் பெயரை எழுதினேன். சால் பெயரை எழுதினேன். ஆர்னி பெயர். அடுத்து என் பெயரின் முதல் எழுத்திலேயே மை பரவிவிட்டது.

பக்கத்து மேசைக்குப் போய் வெள்ளைப் பெயிண்ட் புட்டியைக் கடன் கேட்டேன். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.