எல்லா ஸ்ரேசனிலயும் நிக்கிற கோச்சி

இல்லையடா, திரும்பப் பள்ளிக்கூடம் போகேல்லை. முதல் அதைத்தானே கேப்பாய். உன்ர அக்கா வீட்டில இருந்து வந்து, பிக்கரிங் ஸ்ரேசனில, குளிருக்க நிண்டு எழுதிறன். எக்ஸ்பிரஸ் இண்டைக்கு இல்லையாம், அடுத்த ட்ரெயின் எல்லா ஸ்ரேசனிலயும் நிண்டுதான் போகுமாம் எண்டு ஸ்பீக்கரில சொன்னாங்கள். பக்கத்தில நிண்ட வெள்ளைக்காரன் மணிக்கூட்டைப் பாத்துத் தூசணத்தால பேசினான். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. பிறகு நீ ஞாபகத்தில வந்தாய், சிரிப்பு நிண்டிட்டுது.

எங்கட மந்திரிசபை, மச்சான். ஊரில சண்டை நிண்டு பேச்சுவார்த்தை நடந்த அந்த மாரிகாலம். டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ரில, ஒரு அறைக்குள்ள அஞ்சு பெடியள். எங்களுக்கெண்டு நாடு கிடைக்கிற அண்டைக்கு ஆள ஆக்கள் ரெடியா இருக்கவேணும் எண்டு சொன்னாய். கார் வைச்சிருந்தவன் நீ மட்டும், அதால நீ பிரதமர். என்னைக் கல்வி மந்திரி ஆக்கினாய். "பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினவனுக்குத்தானடா அங்க என்ன பிழையெண்டு தெரியும்." தீவுப் பெடியனுக்குக் கடற்தொழில். நாங்கள் பகிடி எண்டுதான் இருந்தம். வேலையை விடப்போறன் எண்டு நீ பக்டரியில போய்ச் சொன்ன அண்டைக்குத்தான், உனக்கு அது பகிடி இல்லை எண்டு விளங்கினது.

ஞாயிற்றுக்கிழமை உன்ர மெத்தையில கூட்டம். முதல் தீர்மானம், சண்டையால நிண்டுபோன எங்கட ஊர் ரெயில், அந்தக் கோச்சி திரும்ப ஓடவேணும். முதல் கோச்சியில நீ போய்க் கொடிகாமத்தில இறங்குவாய், மகனைப் பாக்கக் கொம்மா ஸ்ரேசனுக்கு வந்து நிப்பா. அதுவரைக்கும் எல்லாம் சரி. எங்கெங்க நிப்பாட்டுறது எண்டு ஒருத்தன் கேட்டான், அதோட துலைஞ்சுது. ஒருத்தன் தன்ர ஊர் சுன்னாகம் எண்டான். மற்றவன் சாவகச்சேரியை விடேல்லை. நான் கோண்டாவில் எண்டு கத்தினன். தீவான் எழும்பினான். "எங்களுக்குத் தண்டவாளமே இல்லை. உங்கட நாட்டில நான் மந்திரி இல்லையடா." அண்டைக்குச் சமையல் அவன்ர முறை. கோழிக்கறியைச் சட்டியோட தூக்கிக்கொண்டு சிநேகிதன்ர அப்பார்ட்மென்ருக்குப் போயிட்டான்.

"எல்லா ஸ்ரேசனிலயும் நிக்கட்டுமடா," எண்டாய். "இவ்வளவு காலம் இருந்திட்டம், இனி என்ன அவசரம்?" ஒருத்தரும் கேக்கேல்லை. கறியில்லாமல் வெறும் பாண் துண்டைத் திண்டு மந்திரிசபை கலைஞ்சுது.

கொஞ்ச நாளில அங்க சண்டையும் திரும்பத் துவங்கீட்டுது. நீ மிசிசாகா பக்டரிக்கே திரும்பிப் போனாய். போன மாரிகாலம், வேலை முடிஞ்சு வரேக்க ஹைவேயில ஐஸ், கார் சறுக்கீட்டுது. நீ வீட்டை வரேல்லை. கார் வைச்சிருந்தவன் நீ மட்டும்.

உன்ர மெத்தையில இன்னும் ஒருத்தரும் படுக்கிறேல்லை, தெரியுமே.

இண்டைக்குக் கொம்மா வாறா. உன்ர அக்கா போட்ட ஸ்பொன்சர் சரிவந்து விசா கிடைச்சிட்டுது. "என்னால ஏலாது, நீ போய்க் கூட்டிவா, நீதான் அவனோட இருந்தனி" எண்டு உன்ர அக்கா சொல்லிப்போட்டா. கொடிகாமத்தில நீ காணவேண்டிய மனுசியை நான் எயார்போட்டில காணப்போறன். என்னத்தைக் கதைக்கிறது? ஒரு வேலையிலயும் உருப்படியா நிக்காதவன் நான். அவவின்ர முகத்தைக் கண்டவுடன ஓடிப்போடுவனோ எண்டு பயமாக்கிடக்கு. எனக்கும் முதல்தரம் அவசரமில்லை மச்சான். எல்லா ஸ்ரேசனிலயும் நிக்கட்டும்.

தீவானும் இப்ப கார் வாங்கிட்டான். என்னை எயார்போட்டுக்குக் கூட்டிப்போக மிசிசாகா ஸ்ரேசனில நிப்பான். கொம்மாவுக்குக் கோழிக்கறி காய்ச்சிக்கொண்டு வாறானாம். அந்தச் சட்டியிலதானாம்.

லைற் தெரியுது. ட்ரெயின் வந்திட்டுது, நான் போகவேணும்.