பாருவின் ஃபைல்

ஜூன் 3, செவ்வாய்

விடியும்போதே மழை. இல்லத்துப் பிள்ளைகளின் துணி எதுவும் காயவில்லை. ஹாலில் கொடி கட்டியாயிற்று. வாங்க: சோப்பு, கொசுவர்த்தி, பாருவுக்குச் செருப்பு (பழையது கடிக்கிறது).

பாருவின் ஃபைல் திரும்பி வந்துவிட்டது. மூன்றாம் தடவை. இத்தாலித் தம்பதிக்கு அவளைத் தத்துக் கொடுக்க ஆட்சேபணை இல்லை என்று அரசு ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். அதற்குப் பதினான்கு மாதமாக அலைகிறோம். இப்போது கேள்வி: 'வீடியோ நேர்காணலில் விண்ணப்பதாரர்கள் பேசவில்லை. விளக்கம் தேவை.' இருவருக்கும் காது கேட்காது, பாருவுக்கும் கேட்காது, அதனால்தான் அவளைக் கேட்டார்கள் என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் புரட்டக்கூட ஆளில்லை. ஆத்திரத்தில் சோறு இறங்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

தலைவலி. சமையல் லீலா சேச்சி லீவு. உப்புமா என் பொறுப்பு.

நாலு மணிக்கு இத்தாலித் தம்பதியோடு வழக்கமான வீடியோ கால். அவர்கள் சைகை வேறு, பாரு பள்ளியில் படிக்கிற சைகை வேறு. யாரும் சொல்லித்தரவில்லை. வாரம் ஒரு கால், அதிலேயே இரண்டு பக்கமும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இன்று அந்த அம்மா கோழிக்குஞ்சுகளைக் காட்டினாள். எது சேவலாகும் என்று ஐந்து வயதுப் பெண் அரை மணி நேரம் வாதாடுகிறாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உப்புமா அடிப்பிடித்தது.

பாருவின் மெடிக்கல் ரிப்போர்ட் 30-ஆம் தேதியோடு காலாவதி. மறுபடி ஊசி, ரத்தம். மறுபடி அவள் அழுகை.

ஜூன் 11, புதன்

விளக்கம் எழுதவில்லை. பாருவையே ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். இல்லத்துச் சூப்பிரண்டு மேடத்துக்கு அரைமனது. தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பெருங்காற்று, நனைந்தோம்.

செக்‌ஷன் ஆபீசர் கரமனை அக்ரகாரத்துக்காரர், வீட்டில் தமிழ். என் மலையாளத்தைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். ரூல் அப்படி, தான் என்ன செய்வது என்றார். போனை ஃபைல்மேல் சாய்த்து வைத்து இத்தாலிக்குக் கால் போட்டேன். அங்கே காலை ஏழரை. அந்த அப்பா பல் துலக்கிக்கொண்டே வந்தார்.

பஸ் ஸ்டாண்டில் ஒருவர் குடை பறந்ததைப் பாரு சொன்னாள். காற்று, குடை, அவர் பின்னால் ஓடிய ஓட்டம், குறுக்கே வந்த பஸ், எல்லாம் இரண்டே கையில். அங்கே இருவரும் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார்கள். பக்கத்து மேசைகளில் வேலை நின்றுபோயிற்று. பியூன் டீயோடு அப்படியே நிற்கிறார். தினமும் பார்க்கிற எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"கொழந்தை என்னவாக்கும் சொல்றா?" என்றார் ஆபீசர், தணிந்த குரலில்.

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவாளுக்கு நான் ஒரு வணக்கம் சொல்லணும். எப்படி?"

பாரு அவர் விரல்களைப் பிடித்து மடக்கி நிமிர்த்தினாள். இரண்டு தடவை தப்பாகச் செய்தார். மூன்றாவது சரி. இந்த வாரமே மேலே அனுப்புவதாகச் சொன்னார்.

ஜூன் 20, வெள்ளி

வெயில். போர்வைகள் துவைத்தாயிற்று. மின்சாரம் இரண்டு தடவை போயிற்று.

கடிதம் வரவில்லை. ஃபைல் மேலே போயிருக்கிறதாம். மேலே என்றால் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

வீடியோ காலில் அந்த அம்மா, எப்போது வருவாய் என்று பாருவைக் கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாரு யோசிக்கவேயில்லை. ஆபீஸ்காரர்களுக்குப் பேச வராது, பாவம், இப்போதுதான் ஒரு மாமா படிக்க ஆரம்பித்திருக்கிறார், எல்லாரும் படித்து முடித்ததும் வந்துவிடுகிறேன் என்றாள்.