எழுந்து போனவள்

மார்ச் 2, 1960. புதன்

மழை. பஸ் வழியில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது. விடுதிகளில் கறுப்பர்களைச் சேர்க்க மாட்டார்கள் என்பதால் இன்றைக்கு யாரோ ஒரு விதவையின் வீடு. எங்கள் ஜாஸ் குழுவின் ஆண்கள் ஆறு பேருக்கும் ஒரே அறை, எனக்கு மட்டும் தனி அறை. பியானோக்காரிக்கு மரியாதை என்று நினைத்துக்கொள்ளலாம். சுவருக்கு அந்தப் பக்கம் சீட்டாடிச் சிரிக்கிறார்கள்.

பன்னிரண்டாம் தேதி எங்கள் ஊரில் வாசிக்கிறோமாம். குழுத் தலைவர் ராய்ஸ் சொன்னார். பதினோரு வருஷம் கழித்து! நான் கிளம்பியபோது தங்கை கொரினுக்கு ஒன்பது வயது. இன்றுவரை என் வாசிப்பை மேடையில் அவள் கேட்டதில்லை. உடனே கடிதம் போட்டேன்.

மார்ச் 8. செவ்வாய்

பதில் வந்தது. வழக்கம்போல நாலு வரி.

"புகையிலைக் கிடங்கில்தானே நடனம்? நடுவில் கயிறு கட்டி, ஒரு பக்கம் வெள்ளைக்காரர்கள், ஒரு பக்கம் நாம். கயிறு இருக்கிற இடத்துக்குள் நான் வரமாட்டேன், அக்கா. பின்கதவுச் சந்தில் நின்று கேட்கிறேன். உன்னால் எப்படி வாசிக்க முடிகிறது?"

அவளும் கல்லூரிப் பிள்ளைகளும் ஒரு மாதமாகக் கடைவீதிச் சாப்பாட்டுக் கடையில் போய் உட்காருகிறார்கள், வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமான இருக்கைகளில். காபி கிடைக்காது. இவர்களும் எழுந்திருப்பதில்லை.

எப்படி முடிகிறது? கயிற்றைப் பார்க்காமல் வாசிப்பேன். வேறெப்படி?

மார்ச் 9

கயிறு வேண்டாமென்று சொல்லிப் பாருங்கள் என்று ராய்ஸிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எரிச்சல்.

"கயித்த நானா கட்டினேன், ஐடெல்லா? என் ட்ரம்பெட் சொல்றது ரெண்டு பக்கமும் கேக்குதுல்ல?"

கேட்கிறதுதான். அந்தப் பிள்ளைகளுக்காகவே புதிதாக ஒன்று அமைத்திருக்கிறார். 'எழுந்திருக்க மாட்டேன்' என்று பெயர். எங்களுக்குள் மட்டும்தான் அந்தப் பெயர். மேடையில் அதை 'ஞாயிற்றுக்கிழமை நடை' என்று அறிவிப்பார். வெள்ளைப் பக்கம் நன்றாகவே ஆடுவார்கள்.

பேஸ் வாசிக்கும் ஹோரஸுக்கு எப்போதும் கேலிதான். "மனசு சரியில்லன்னா அன்னிக்கு உலாத்துங்க, அம்மணி." பியானோ கையை எடுத்துவிட்டு, பேஸையும் டிரம்மையும் மட்டும் ஓடவிடுவதற்கு எங்கள் குழுவில் 'உலாத்துவது' என்று பேர்.

மார்ச் 11

நீல கவுனுக்கு இஸ்திரி போட்டேன். சந்தில் நிற்கிறவளுக்கு அது தெரியப்போவதில்லை.

மார்ச் 13. ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கயிறு இருந்தது. புதுக் கயிறு. மூன்றாவதாக ராய்ஸின் 'ஞாயிற்றுக்கிழமை நடை'. என் முறை வந்ததும் தலையசைத்தார். கை வரவில்லை. பொய். வந்தது, நான்தான் எடுத்துவிட்டேன். எழுந்து நின்றேன்.

"எங்க போறீங்க?" என்றான் ஹோரஸ், விரல் நிற்காமலே.

"உலாத்த."

'எழுந்திருக்க மாட்டேன்' என்ற பாட்டின் நடுவில் எழுந்து போனவள் நானாகத்தான் இருப்பேன். பின்கதவைத் தள்ளிக்கொண்டு சந்துக்கு ஓடினேன்.

யாரும் இல்லை. இரண்டு பீப்பாய், ஒரு பூனை. உள்ளே என் முறை நான் இல்லாமலே ஓடிக்கொண்டிருந்தது, ஒரு குறையும் இல்லாமல். ஏன்டி வரல? நிப்பேன்னு எழுதினியே. இவ்ளோ தனியா நான் எங்கயும் நின்னதில்ல —

காலையில்தான் தெரிந்தது. நேற்று மதியமே கடையில் வைத்துப் போலீஸார் அவளைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பஸ் நான் இல்லாமல் கிளம்பியது. ராய்ஸ் என் பெட்டியைத் தன் கையாலேயே இறக்கி வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 15

சிறை வாசலில் நாலு மணி நேரம். பார்க்க விடவில்லை.

மார்ச் 17. வியாழன்

விட்டுவிட்டார்கள். மணிக்கட்டில் சிகரெட்டால் சுட்ட புண். கடையில் எவனோ வைத்தானாம். தன் அறையில் உட்கார்ந்து சோளக்கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டாள்.

"சனிக்கிழமை எப்படி வாசிச்சே?"

"வாசிக்கல. நீ நிப்பேன்னு பாதியில எழுந்து வெளிய வந்துட்டேன்."

கரண்டி அப்படியே நின்றது.

"அப்போ நான் ஒண்ணும் தவறவிடல."

சிரித்துவிட்டாள். அதே ஒன்பது வயதுச் சிரிப்பு. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

மார்ச் 20. ஞாயிறு

நாளைக்குக் கடையில் அவள் பக்கத்து இருக்கை காலியாம். நான் வருகிறேன் என்றேன்.

"யாரு என்ன செஞ்சாலும் கையை மடியிலயே வச்சுக்கணும், அக்கா. உன் கை..." என்று நிறுத்திக்கொண்டாள்.

வைத்துக்கொள்கிறேன் என்றேன். பயமாகத்தான் இருக்கிறது. பேச்சை மாற்ற, அந்த இருக்கை எப்படி இருக்கும் என்று கேட்டேன். சாய்ந்துகொள்ள முதுகு கிடையாதாம். வட்டமாக, உட்கார்ந்தபடியே சுற்றுமாம்.

பியானோ முன்னால் அப்படியொன்றில் உட்கார்ந்துதான் எனக்குப் பழக்கம்.