நடுவில் ஒரு கொதிநீர் அலசல்

நம் காப்புரிமை விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். உத்தரவு இன்று காலை பாண்டி பஜாரில் என் ரசாயனக் கடைக்கு வந்தது. படித்து முடித்ததும் அதன் ஓரத்தைக் கிழித்து நாக்கில் வைத்தேன். எந்தத் தாள் கிடைத்தாலும் நீ செய்வது அதுதானே. கல்யாணப் பத்திரிகையைக்கூட விட்டதில்லை. "சோடாக் காரம் சரியா அலசல, மச்சி" என்று துப்புவாய். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உன் நாக்கு எனக்கு ஏது?

பழைய தாளின் மையை நொதி போட்டுக் கழற்றுவது தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பெராக்சைடில் காகிதக் கூழை வெளுப்பதும் தெரியும். ஆனால் நொதியில் ஊறிய கூழில் வளரும் கிருமி பெராக்சைடைத் தின்றுவிடும் என்று கைவிட்டிருந்தார்கள். நடுவில் ஒரு கொதிநீர் அலசல் விட்டுப் பார்த்தவன் நீ. மாம்பலத்து மொட்டைமாடியில், வீட்டு மிக்சியில் பழைய நாளிதழை அரைத்து. "சட்னிக்கு இன்னா பண்றது? இதையே தாளிச்சுக் கொட்டட்டா?" என்று கத்தினாள் உன் மனைவி.

காகித ஆலை மேலாளரிடம் கொண்டுபோனோம். "வேலைக்காவாது நைனா. பெராக்சைடைக் கூவத்துல கொட்டுற மாதிரி" என்று சிரித்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கேட்டது ஒன்றுதான். "எம் பேர்ல வந்துடும்ல, மச்சி?" வந்துவிடும் என்றேன்.

விசாரணையில் எதிர்த்து வந்தது அந்த ஆலைதான். நொதி பழசு, பெராக்சைடு பழசு, கொதிநீரில் கிருமி சாகும் என்பதும் பழசு. மூன்றையும் சேர்ப்பது துறை அறிந்த யாருக்கும் எளிதில் தோன்றும் என்றார் அவர்கள் வக்கீல். உத்தரவும் அதையே சொல்கிறது. அன்று நடக்காத காரியம், இன்று யாருக்கும் தோன்றும் காரியம். இடையில் நீ செத்ததுதான் மிச்சம்.

மாலையில் மேலாளரே கடைக்கு வந்தார். இனி ஆலையில் மை கழற்றுவது உன் முறைப்படிதானாம். அந்த நொதிக்கு இங்கே ஏஜென்சி என்னிடம் மட்டும்தான்.

"அந்த முறைக்கு அவன் பேர வைங்க. வெலைய கொறைக்கிறேன்."

"யாருக்கும் தோணுற விஷயத்துக்குப் பேர் எதுக்கு நைனா?"

விற்கமாட்டேன் என்றிருக்கலாம். உன் வீட்டு வாடகை நினைவுக்கு வந்தது. கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏற்றிச் சொன்னேன்.

"இது இன்னாத்துக்கு?"

"யோசிங்க சார். யாருக்கும் தோணும்."

அவர் யோசிக்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். உன் பெயர் எங்கும் இல்லை. முழுப் பணமும் சரக்கு இறங்கும் முன்பே. கடன் கிடையாது. அந்த இரண்டு ரூபாய், மாதம் பிறந்ததும் உன் மனைவி கையில்.